பயகிப்போச்சி என்றால் ஒன்றுமில்லை

எங்கள் தெருவுக்குள் வருகிறவர்களை நான் செருப்பை வைத்துத்தான் எடை போடுவேன். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள், அவர்கள் செருப்புக்கு வேலையே இல்லை. வெள்ளம் வடிந்தபிறகு பார்வையிட வருகிறவர்கள் செருப்போடு உள்ளே வந்து, பாயை மிதித்து, அதே செருப்போடு வெளியே போவார்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றி, சுவர் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அங்கேதான் நான் ஏமாந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவன் வீட்டை மிதிக்க மாட்டான் என்று நம்பினேன்.

டோல்கேட்டிலிருந்து மணலிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களிடம்தான். ஒரு மீன்காரம்மா தன் மருமகனைப் பற்றிச் சொன்னார்: “அவன் வாயத் தொறந்தா லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாரி. எல்லாரும் ஒதுங்கி நிக்கணும்.” ஹார்பரில் வேலை பார்க்கிற ஒருவர் தன் மேஸ்திரியைப் பற்றி: “மூஞ்சி பூரா சிரிப்பு கீது நைனா. கண்ணு மட்டும் டூட்டிக்கு வர்ல.” இப்படிக் காதில் விழுவதையெல்லாம் வண்டியை ஓரம் கட்டி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். பத்து நோட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது. சனங்கள் பேசுகிற பேச்சு எனக்குத் தெரிந்த மாதிரி இன்னொருத்தனுக்குத் தெரியாது என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. அந்தத் திமிருக்குத்தான் அடி விழுந்தது.

நாங்கள் இருப்பது வடசென்னையில், சடையங்குப்பத்தில். என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி என் அக்கா வீடு. சாயங்காலம் நாலு மணிக்குக் காற்று திரும்பும்போது நாற்றம் வரும். அழுகின முட்டையையும் பெயிண்ட் டப்பாவையும் ஒரே நேரத்தில் மூக்குக்குக் கீழே திறந்து வைத்ததைப் போல இருக்கும். எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது என்று கேட்டால் ஒவ்வொரு கேட்டிலும் பக்கத்துக் கேட்டைக் கை காட்டுவார்கள். நாற்றம் வந்தால் அக்காவுக்கு மூச்சு இழுக்கும். ரொம்ப இழுத்தால் என் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவேன். வழி நெடுக கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அவற்றுக்கு நடுவில் ஹாரனை அழுத்திக்கொண்டே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் அதற்கும் மேல். அங்கே நெபுலைசர் மெஷினில் மாஸ்க் மாட்டி உட்கார வைப்பார்கள். அக்கா கொஞ்சம் தெளிந்ததும் முதலில் சொல்வது, “கொள்ளுப் பை கட்டின குதுர மாரி கீறேன்ல?” என்பதுதான்.

பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் முதலில் வந்து இறங்கியது பாய் டீக்கடையில். பாய் என் தோஸ்து. தெருமுனையில் கடை, முப்பது வருஷமாக அதே இடம். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நாங்க உங்களுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க வரல. உங்ககிட்ட கத்துக்க வந்திருக்கோம். பல்கலைக்கழகமும் மக்களும் சேர்ந்து செய்யிற கூட்டு முயற்சி இது” என்றார்.

“கத்துக்க வந்தா ஃபீஸ் யாரு சார் கட்றது?” என்றார் பாய்.

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் போனபிறகு பாய் கிளாஸைக் கழுவிக்கொண்டே என்னிடம், “சிரிச்சிகினே அளவு எடுக்கிறாரு மாமு. இன்னா தைக்கப் போறாரோ” என்றார். எழுதி வைத்துக்கொண்டேன். எழுதியதோடு சரி.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்திடம் ஒரு மருத்துவ வேன் இருந்தது. மூச்சு டாக்டர், நர்ஸ், மெஷின் எல்லாம் அதற்குள்ளேயே. வாரத்துக்கு ஒருநாள் ஏதாவது ஓர் இடத்தில் வந்து நிற்கும். இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்று எங்கள் தெரு. இன்னொன்று கல்மண்டபத்துப் பக்கம் லாரிப் புகையில் கிடக்கிற ஒரு தெரு. இரண்டிலும் வீடு வீடாகக் கேள்வி கேட்பார்கள். எங்கே தொந்தரவு அதிகமோ அங்கே வேன். அக்காவுக்கு இதைச் சொன்னதும், “வாசல்லியே வண்டி வந்து நிக்குமா?” என்று மூன்று தடவை கேட்டாள். அவள் எதையும் இரண்டாம் தடவை கேட்கிறவள் இல்லை.

வீடுகளுக்கு அழைத்துப் போக ஆள் வேண்டும் என்றார்கள். நான் முன்னால் போய் நின்றேன். ‘சமூகக் கூட்டாளி’ என்று அச்சடித்த ஓர் அட்டையைக் கயிற்றில் கோர்த்து என் கழுத்தில் மாட்டினார்கள். அதோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

“இன்னாடா இது, கழுத்துல பில்லை கட்டிக் கீறானுங்க? தொலைஞ்சி போனா புட்சிகினு வந்து வுட்றதுக்கா?” என்றாள்.

கேள்வி கேட்க வந்தது ஈரோட்டுப் பக்கத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். கையில் ஒரு டேப், பலகை மாதிரி பெரிய போன். நல்ல பெண், அதை இப்போதும் சொல்வேன். கொடுத்த தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்தாள். முதல் வீடு அக்கா வீடுதான். எத்தனை பேர், என்ன வேலை, வெள்ளம் எதுவரை வந்தது என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தாள்.

“இந்த நாத்தத்தால உங்களுக்குத் தொந்தரவு இருக்குங்களா அக்கா?”

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “பயகிப்போச்சிம்மா” என்றாள்.

எங்கள் வாயில் ழகரம் நிற்காது. வாழைப்பழம் எங்களுக்கு வாயப்பயம். பழகிப்போச்சு என்பது பயகிப்போச்சி. அந்தப் பெண் பயந்தே போனாள்.

“பயமா இருக்குங்களா?”

“நான் எதுக்கும்மா பயப்படறேன்? என்னப் பாத்து நாலு பேரு பயப்படுவான்” என்றாள் அக்கா. வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அப்படின்னா என்னங்கண்ணா அர்த்தம்?”

நான் கழுத்து அட்டையை ஒரு விரலால் சுழற்றிக்கொண்டே சொன்னேன்: “ஒண்ணுமில்லம்மா, பழகிப்போச்சுன்னு சொல்றாங்க.”

அவள் தலையை ஆட்டிவிட்டு டேப்பில் எதையோ தட்டினாள்.

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில், “நாத்தம் எங்கூடவே பொறந்தது கண்ணு, பயகிப்போச்சி” என்றார் ஒருவர். இன்னொரு வீட்டில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி வாயால்கூடச் சொல்லவில்லை. கையை விசிறினாள், அவ்வளவுதான். நாலைந்து வீடு போனதும் அந்தப் பெண் என்னிடம் அர்த்தம் கேட்பதை நிறுத்திவிட்டாள். பாஷை பிடிபட்டுவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க முடிந்துவிட்டது. பாய் கடையில் டீ வாங்கிக் கொடுத்து, டோல்கேட் வரை நானே கொண்டுபோய் விட்டேன்.

பிறகு விழா. பல்கலைக்கழகத்துக்குள் ஏசி போட்ட பெரிய ஹால். எங்கள் தெருவிலிருந்து பத்துப் பேரை பஸ் வைத்து அழைத்துப் போனார்கள். அக்கா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பேராசிரியர் திரையில் ஓர் உலகப் படத்தைப் போட்டார். படம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். எந்தெந்த நாட்டிலோ, எந்தெந்த ஊரிலோ, பல்கலைக்கழகமும் பக்கத்து மக்களும் இப்படிக் கைகோர்த்திருக்கிறார்கள், அந்தப் பெரிய குடும்பத்தில் இன்று உங்கள் தெருவும் சேர்ந்துவிட்டது என்றார். எங்கள் புள்ளியை ஒரு அம்பு காட்டியது. அது கரையைத் தாண்டிக் கடலுக்குள் கிடந்தது.

பாய் என் காதோரம் குனிந்து, “படத்துலயும் நம்மளத் தண்ணியிலியே வச்சிட்டானுங்க மாமு” என்றார்.

கடைசியாக வேன் அறிவிப்பு. கல்மண்டபத்துத் தெருவுக்கு என்றார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். எங்கள் வரிசையில் இருந்தவர்களும் மரியாதைக்குக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், சால்வையோடு. அக்கா தட்டவில்லை. ஏசிக் காற்றில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போனாள். எங்களுக்கு மட்டும் ஒரு போர்டு தருவதாகச் சொன்னார்கள். ‘கூட்டாளிப் பகுதி’ என்று தெருமுனையில் வைப்பதற்கு.

எல்லோர் கையிலும் அறிக்கைப் புத்தகம் ஒன்று கொடுத்திருந்தார்கள். வழவழப்பான தாள். அட்டையில் எங்கள் தெருக் குழாயடி. திரும்பி வந்ததும் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினேன். அக்கா எதிரில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு பட்டியல். அதில் நாற்றத்துக்கு நேராக எங்கள் தெருவுக்கு, ‘பெரும்பாலோர் பதில்: ஒன்றுமில்லை’ என்று இருந்தது. மறுபடி படித்தேன். யார் சொன்னது ஒன்றுமில்லை என்று? பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் ‘வட்டாரச் சொற்கள்’ என்று ஒரு பக்கம். அங்கே இருந்தது.

‘பயகிப்போச்சி: ஒன்றுமில்லை, பழகிவிட்டது. பொருள் கூறியவர்: சமூகக் கூட்டாளி.’

வாய்விட்டுப் படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது.

“சமூகக் கூட்டாளி யாரு?” என்றார் பாய். கேட்டுவிட்டு அவரே என் கழுத்தைப் பார்த்தார். அட்டையை நான் கழற்றவே இல்லை.

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “நான் மூச்சு முட்டிகினு கெடந்து பயகிப்போச்சின்னு சொன்னா, அதுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தம் சொன்னது எங்கூடப் பொறந்தவனாடா?”

“நான் அப்டி சொல்லல அக்கா. பேச்சுக்கு ஒண்ணுமில்லன்னு ஆரம்பிச்சேன்…”

“நீ பேச்சுக்கு ஆரம்பிச்ச. அவன் அத்தோட முட்சிட்டான்” என்று எழுந்து போனாள். அன்றிலிருந்து என்னைக் கண்டால் கதவைச் சாத்தினாள். மூச்சு இழுத்தபோது என்னைக் கூப்பிடாமல் வேறு யார் வண்டியிலோ ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நம் சனத்துக்குப் பேச்சைத் தொடங்க ஒரு ‘ஒண்ணுமில்ல’ வேண்டும். “ஒண்ணுமில்ல நைனா, மாமனாரு செத்துட்டாரு, ரெண்டு நாளு லீவு வேணும்” என்று முதலாளிக்கு போன் பண்ணியவனை என் வண்டியிலேயே கேட்டிருக்கிறேன். அந்த முதலாளி, ஒன்றுமில்லை என்றால் வேலைக்கு வா என்றா சொல்வார்? பயகிப்போச்சி என்ற சொல்லும் அப்படித்தான். கன்டெய்னர் யார்டில் வேலை செய்தபோது இரண்டு விரலைப் பறிகொடுத்த ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். சட்டைப் பொத்தான் போட உதவிக்குப் போனால், “வுடு, பயகிப்போச்சி” என்பார். விரல் முளைத்துவிட்டது என்று யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். சொல்லிச் சொல்லிப் பார்த்து, யாரும் கேட்கவில்லை என்றபிறகு, இதற்கு மேல் சொல்லத் தெம்பில்லாதபோது சொல்கிற வார்த்தை அது. பத்து நோட்டு எழுதிய எனக்கு அதை ஒழுங்காகச் சொல்ல ஒரு நிமிஷம் பொறுமை இல்லாமல் போனது. ஒரு தெருவின் பேச்சையே தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அதை இன்னொரு வாயிலிருந்து சரி பார்த்துக்கொள்ளப் பொறுமை இல்லாமல் போனது. என் குற்றத்தை நான் மறைக்கவில்லை. அவர்கள் தங்கள் குற்றத்துக்கும் என் பெயரைத்தான் போட்டிருந்தார்கள்.

ஆட்டோவை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வாசலில் வாட்ச்மேன் மறித்தார். கழுத்து அட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது உங்க ஏரியாவுக்குள்ளதான் செல்லும். இங்க செல்லாது” என்றார். இவ்வளவு நேர்மையாக அந்தக் கூட்டாளி அட்டையைப் பற்றி அதற்கு முன்னால் யாரும் என்னிடம் பேசியதில்லை. நல்லவேளையாக அந்த ஈரோட்டுப் பெண் அந்த வழியாக வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். உள்ளே அழைத்துப் போனாள்.

பேராசிரியர் எழுந்து நின்று கை கொடுத்தார். நாற்காலி போட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“உங்க வருத்தம் புரியுது. ஆனா அறிக்கை அச்சாயிடுச்சு. வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பியாச்சு. அந்த வார்த்தைக்கு நீங்க கொடுத்த விளக்கத்தைத்தான் நாங்க பதிவு செஞ்சிருக்கோம்.”

“எங்ககிட்ட கத்துக்க வந்தேன்னு சொன்னீங்களே சார். ஒரு வார்த்தைய ஒரே ஒரு தபா கேட்டு எய்திகினு போறதுதான் கத்துக்கறதா? மூச்சு வாங்குதான்னு ஒரு கேள்வி கேட்டீங்களா? ஆஸ்பத்திரிக்கு எப்பிடிப் போறீங்கன்னு கேட்டீங்களா?”

“கேள்வித்தாள் எல்லா நாட்டுக்கும் பொதுவானது. அதுல நாங்க கூட்டவோ குறைக்கவோ முடியாது.”

“அப்ப அந்தப் படத்துல கீற புள்ளிக்காரன் எல்லாருக்கும் இதே கேள்விதானா?”

“ஆமா” என்றார், பெருமையாக.

அந்தப் புள்ளிகளை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை இருக்கும். ஒவ்வொரு பாஷையிலும் ஒரு பயகிப்போச்சி இருக்கும். பக்கத்தில் கழுத்து அட்டையைச் சுழற்றிக்கொண்டு என்னைப் போல ஒரு பேமானி நின்றிருப்பான்.

அந்தப் பெண் மெதுவாக, “தப்பு என் மேலயும் இருக்குங்க சார். நான் ஒரு தடவைதான் அண்ணன்கிட்ட கேட்டேன்” என்றாள். பேராசிரியர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் படிப்பு ஒரு நிமிஷம் ஆடியது எனக்கே தெரிந்தது. பிறகு என்னிடம் திரும்பிச் சிரித்தார். “அடுத்த வாரம் போர்டு வைக்க வர்றோம். அப்போ விரிவா பேசலாம்” என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். நல்ல மரியாதை. அந்த மரியாதைக்குள் ஒரு கதவு சாத்தியிருந்தது.

வந்து பாயிடம் சொன்னேன். பாய், “போர்டு வக்கட்டும். ஆனா நாலு மணிக்கு வக்கட்டும்” என்றார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் போன் போட்டு, காலையில் தெருவில் ஆள் இருக்காது, மூன்றரைக்கு வாருங்கள் என்று சொன்னேன். அக்காவிடம் பாயே பேசிக்கொண்டார்.

வந்தார்கள். பேராசிரியர், அந்தப் பெண், போர்டைத் தூக்க இரண்டு ஆட்கள். தெருவே முனையில் நின்றது. பாய் முன்னால் வந்து கும்பிட்டார். “போர்டு எங்க போய்டப் போவுது? மொதல்ல அக்கா வூட்ல ஒக்காந்து ஒரு டீ சாப்டுங்க சார். அப்பறம் குழி நாங்களே தோண்டித் தரோம்.”

பேராசிரியர் அக்கா வாசலில் நின்று வழக்கம்போலச் செருப்பைக் கழற்றக் குனிந்தார். அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: “செருப்பு கால்லியே கெடக்கட்டும் நைனா. கயட்டி வச்சி நல்லவனாட்டம் வராத.”

அவர் குனிந்தபடியே ஒரு நொடி நின்றார். பிறகு செருப்போடு உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து அக்கா கதவைச் சாத்தவில்லை. அதுவே எனக்குப் போதும்.

காற்று திரும்பியது. எங்களுக்கு அது கிளம்பும்போதே தெரியும், நாய்கள்கூட எழுந்து இடம் மாறும். பேராசிரியர் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு மூக்கைச் சுருக்கினார். கைக்குட்டையை எடுத்தார். கண்ணில் தண்ணீர். பாய் கொண்டுவந்து வைத்த டீயைத் தொடவில்லை. அக்காவுக்கு இழுப்பு ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் யாரோ பழைய பம்பை அடிக்கிற சத்தம். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். வாசலில் அத்தனை பேர் நின்றிருந்தோம். யாரும் மறிக்கவில்லை, நகரவும் இல்லை. மறுபடி உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போகலாமே” என்றார்.

“இன்னும் முத்தல சார். இதுக்கே போனா தெனமும் போவணும்” என்றேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். கைக்குட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் வாய்க்கு, பிறகு மடிக்கு. அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

பாய் வாசற்படியிலிருந்து கேட்டார்: “இன்னா சார், நாத்தம் போய்டிச்சா?”

“இல்ல, போகல” என்றார் பேராசிரியர். “கொஞ்சம் பழகிடுச்சு.”

சொன்னபிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. கிளாஸைப் பிடித்த கை அப்படியே நின்றது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்து, அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: “எய்திக்கம்மா. சாருக்கு… ஒண்ணுமில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்க வேண்டும் என்று வந்தவன், எனக்கும் வரவில்லை. அக்காவைத் தூக்கி ஆட்டோவில் போட்டேன். பேராசிரியர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து எதையோ சொல்ல வாயெடுத்தார். ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதை வைக்காமலே போனார்கள். பாய் அதை எடுத்து அடுப்புக்குக் காற்றுத் தடுப்பாக நிறுத்திக்கொண்டார். ‘கூட்டாளிப் பகுதி’ என்ற எழுத்து இப்போது அடுப்புப் பக்கம் இருக்கிறது.

சில வாரம் கழித்து அறிக்கைக்குத் திருத்தத் தாள் வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு நாலு வரியில் அர்த்தம். அந்தப் பெண் எழுதியது என்று படிக்கும்போதே தெரிந்தது, அன்றைக்கு நான் சொன்ன விரல் போனவர் கதையைக்கூடச் சேர்த்திருந்தாள். வேனும் வந்தது. புது வேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதே வேன். ஒரு வாரம் கல்மண்டபம், ஒரு வாரம் எங்கள் தெரு. இருந்த ஒன்றை இரண்டாக அறுத்து, இதையும் ஒரு வெற்றி என்று அவர்கள் எங்கேயாவது புள்ளி வைத்திருப்பார்கள்.

அதே வேன்தான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், கல்மண்டபத்து அம்மா ஒருவர் டோல்கேட்டில் என் வண்டியில் ஏறினார். மணலியில் மகள் வீட்டுக்குப் போகிறவர். ஏறியதிலிருந்து பக்கத்தில் இருந்தவரிடம் ஒரே ஏச்சு.

“எவனோ சடையங்குப்பத்தான் போயி பேஜாரு பண்ணிகீறான். எங்க வண்டியப் பாதியா புட்டுகினு போய்ட்டான். என் வூட்டுக்காரரு லாரிப் பொகைல ராவெல்லாம் ஒக்காந்துகினு கீறாரு. படுத்தா மூச்சு அடைக்குது. அவன் வூடு வெளங்குமா?”

ரொம்ப தூரம் வாயை மூடிக்கொண்டுதான் ஓட்டினேன். அவர் இறங்கும்போது, “அது நான்தாம்மா” என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். கையை ஓங்குவார் என்று நினைத்தேன். “உனக்கு யாருக்கு மூச்சு?” என்றார்.

“எங்க அக்காவுக்கு.”

“அப்ப எங்க வண்டிய ஏன்டா புடுங்கின? இன்னொரு வண்டி குடுன்னு அவங்கிட்ட கேக்க வேண்டிதானே? அவனுக்கு வலிக்கக் கூடாதுன்னு எனக்கு வலிக்க வச்சிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வண்டியை ஓரம் கட்டினேன். நோட்டை எடுத்தேன். எழுதக் கை வரவில்லை. இது சேர்த்து வைத்து ரசிக்கிற பேச்சு இல்லை. இப்போது அந்த அம்மாவும் நானும் சேர்ந்து மாதம் ஒருமுறை அந்த வாட்ச்மேன் முன்னால் போய் நிற்கிறோம். எங்களிடம் அட்டை கிடையாது. இதுவரை இரண்டாவது வேனும் கிடையாது.

எங்கள் முறை வருகிற நாளில் வேன் அக்கா வாசலிலேயே வந்து நிற்கிறது. போன தடவை அக்கா உள்ளே உட்கார்ந்து மாஸ்க் போட்டிருந்தாள். பின்னால் வரிசை பாய் கடை வரை நீண்டிருந்தது. நர்ஸ் பேனாவைத் திறந்துகொண்டு, “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார்.

அக்கா மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்தாள். நாலு மணிக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த வாசனைக்கு நெஞ்சு எங்கே பிடிக்கிறது, எத்தனை படி ஏறினால் உட்கார வேண்டும், தலையணை எத்தனை வைத்தால் தூக்கம் வருகிறது என்று ஆரம்பித்தாள். நர்ஸ் வரிசையைப் பார்த்தார்.

“கொஞ்சம் சுருக்கமா சொல்லுங்கம்மா.”

“சுருக்கமா சொல்லித்தான் பாதி வண்டி கெட்சிது” என்றாள் அக்கா. “நீ எய்து.”